1949 ‘அட்மிரல்களின் கலகம்’: ராணுவச் செலவு வெட்டு, படைகளின் போட்டி, அமெரிக்கப் பொருளாதாரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கே வருடத்தில் அமெரிக்கக் கடற்படையின் மூத்த அதிகாரிகள் தங்கள் அரசின் முடிவுகளை எதிர்த்துப் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார்கள். ராணுவச் செலவைக் குறைக்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கதையை யாராவது எடுப்பார்கள். பெரும்பாலும் பாதிக் கதைதான் வரும். ‘செலவை வெட்டினார்கள், கொரியாவில் அடி வாங்கினார்கள்’ என்பார் ஒருவர். ‘ராணுவத்துக்குப் பணம் கொட்டினால்தான் பொருளாதாரம் ஓடும்’ என்பார் இன்னொருவர். நடந்ததைப் பார்த்தால் இரண்டுமே முழுதாகப் பொருந்தவில்லை.

உண்மையிலேயே கலகம் நடந்ததா?

ஆயுதம் ஏந்திய கலகம் எதுவும் இல்லை. பிரதிநிதிகள் சபையின் ராணுவ விவகாரக் குழு, கார்ல் வின்சன் தலைமையில், 1949 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் விசாரணை நடத்தியது. அக்டோபரில் கடற்படைத் தளபதி லூயிஸ் டென்ஃபெல்ட், பசிபிக் கடற்படைத் தலைவர் ஆர்தர் ராட்ஃபோர்ட் உட்படப் பலர் வரிசையாக வந்து, பாதுகாப்புத் துறையின் முடிவுகள் நாட்டுக்கு ஆபத்து என்று சொன்னார்கள். சீருடையில் இருப்பவர்கள் அமைச்சரை எதிர்த்து இப்படிப் பேசியதால் பத்திரிகைகள் ‘கலகம்’ என்று எழுதின. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

போருக்குப் பிறகு எவ்வளவு வெட்டினார்கள்?

1945 நிதியாண்டில் அமெரிக்காவின் ராணுவச் செலவு சுமார் 8,300 கோடி டாலர். 1948இல் அது சுமார் 910 கோடி. படையில் இருந்தவர்கள் 1.2 கோடிப் பேரிலிருந்து 15 லட்சம் அளவுக்கு இறங்கினார்கள். மூன்று வருடத்தில் செலவு ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது.

அப்படி வெட்டினால் பொருளாதாரம் படுத்துவிடாதா?

படுத்துவிடும் என்றுதான் அன்றைய பொருளாதார அறிஞர்கள் பலர் பயந்தார்கள். லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்புவார்கள், ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்படும், 1930களின் பெருமந்தம் மறுபடி வரும் என்று எழுதினார்கள். காகிதத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. 1946இல் நாட்டின் மொத்த உற்பத்தி, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

ஆனால் வேலையின்மை 1946லும் 1947லும் 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது. காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. போர்க்காலத்தில் கார், குளிர்சாதனப் பெட்டி, வீடு எதையும் வாங்க முடியாமல் மக்கள் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அந்தப் பணம் கடைக்கு வந்தது. டாங்கி செய்த டெட்ராய்ட் மறுபடி கார் செய்தது. திரும்பிய வீரர்களில் லட்சக்கணக்கானவர்கள் போர் வீரர்களுக்காக 1944இல் வந்த சட்டத்தின் உதவியோடு கல்லூரிக்குப் போனார்கள், கடன் வாங்கி வீடு கட்டினார்கள். தலைவலியாக வந்தது விலைவாசிதான். 1947இல் விலைகள் 14 சதவீதம் ஏறின.

என்னைக் கேட்டால், இந்த மூன்று வருடங்கள்தான் இந்தக் கதையிலேயே அதிகம் பேசப்பட வேண்டிய பகுதி. ராணுவச் செலவைக் குறைப்பதே பொருளாதாரத்தைக் கொன்றுவிடும் என்று சொல்பவர்களுக்கு 1946 நேரடியான பதில். குறைத்த பணம் எங்கே போகிறது, வெளியே வருகிறவர்களுக்கு வேறு வழி திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் விளைவு அமைகிறது.

ஜனாதிபதி ட்ரூமன் ஏன் அவ்வளவு கெடுபிடி காட்டினார்?

அவர் பட்ஜெட்டில் துண்டு விழுவதை விரும்பாதவர். போர் முடிந்தபோது நாட்டின் கடன் ஒரு வருட மொத்த உற்பத்தியை விட அதிகமாக இருந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதுதான் அவர் கொள்கை. 1948 நிதியாண்டில் 1,180 கோடி டாலர் உபரி காட்டினார். ஐரோப்பாவை மீட்க மார்ஷல் திட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. நான்கு வருடத்தில் அது சுமார் 1,300 கோடி டாலர். மேற்கு ஐரோப்பா பட்டினியில் கிடந்தால் எத்தனை டாங்கி வைத்திருந்தும் பயனில்லை என்று அவர் நம்பியதில் தவறில்லை.

கணக்குப் போட்ட முறையில்தான் கோளாறு. வரி வருமானம் இவ்வளவு வரும் என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் கடன் வட்டி, உள்நாட்டுச் செலவு, வெளிநாட்டு உதவி எல்லாவற்றையும் கழிப்பார்கள். மிச்சம் எவ்வளவோ அது ராணுவத்துக்கு. 1950 நிதியாண்டுக்கு அப்படி வந்த உச்சவரம்பு 1,440 கோடி. படைகள் மூன்றும் கேட்டதைக் கூட்டினால் முதலில் சுமார் 3,000 கோடி வந்தது. பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் அதைச் செதுக்கி 1,690 கோடி என்ற இடைவழியைக் கொண்டுபோனார். ட்ரூமன் அசையவில்லை.

இதே காலத்தில் வேலைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆக்கிரமிப்புப் படை, 1947இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி, 1948இல் பெர்லின் முற்றுகை, 1949 ஏப்ரலில் நேட்டோ. எந்த வேலையைக் கைவிடலாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. பணத்துக்கு மட்டும் எல்லை போட்டார்கள்.

மூன்று படைகளையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவந்த பிறகும் ஏன் சண்டை?

1947 தேசியப் பாதுகாப்புச் சட்டம் விமானப்படையைத் தனிப் படையாக்கி, மூன்றுக்கும் மேலே ஒரு அமைச்சரை உட்கார வைத்தது. ஆனால் அவருக்கு அதிகாரம் இல்லை. படைச் செயலாளர்கள், அதாவது ஒவ்வொரு படைக்கும் பொறுப்பான சிவிலியன் தலைவர்கள், நேரே ஜனாதிபதியிடமே போகலாம். இதில் வேதனையான விஷயம், கடற்படைச் செயலாளராக இருந்தபோது ஃபாரஸ்டல்தான் அந்தப் பதவிக்கு அதிகாரம் சேராமல் பார்த்துக்கொண்டவர். பிறகு அந்த நாற்காலியில் அவரே உட்கார வேண்டி வந்தது. 1948 மார்ச்சில் தளபதிகளை கீ வெஸ்ட் கடற்படைத் தளத்துக்கு அழைத்துப்போய், யாருக்கு எந்த வேலை என்று உடன்பாடு செய்தார். தொலைதூர குண்டுவீச்சு விமானப்படைக்கு. ஆனால் கடற்படைக்குத் தன் கடல் வேலைக்காக அணுகுண்டு தடை இல்லை. இந்த இரண்டாவது வரியை ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். சண்டை தொடர்ந்தது.

ஃபாரஸ்டல் உடலும் மனமும் தளர்ந்து 1949 மார்ச்சில் பதவி விலகினார். மே 22 அன்று பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையின் 16ஆவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார்.

பணத்தைப் பிரித்த விதமும் பகையை வளர்த்தது. 1,440 கோடியை ஏறத்தாழ மூன்று சம பங்காக வெட்டினார்கள். அண்ணன் தம்பி மூவர் இருக்கும் வீட்டில், யார் நிலத்தில் என்ன விளைகிறது என்று பார்க்காமல் கயிறு போட்டு அளந்து கொடுத்த பாகப்பிரிவினை போல. ஒருவர் கொஞ்சம் கூடுதலாகப் பெற வேண்டுமானால் பக்கத்துப் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு படையும் சோவியத் யூனியனைப் பற்றி யோசித்த நேரத்தை விட அடுத்த படையைப் பற்றி யோசித்த நேரம் அதிகமானது.

கப்பலா விமானமா என்ற சண்டை என்ன?

விமானப்படையின் கையில் பி-36 இருந்தது. ஆறு புரொப்பெல்லர் எஞ்சின், 70 மீட்டர் இறக்கை அகலம். அமெரிக்க மண்ணிலிருந்து கிளம்பி அணுகுண்டைச் சுமந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும் என்றார்கள். டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தில் கன்வேர் நிறுவனம் அதைக் கட்டியது. கடற்படை கேட்டது ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற 65,000 டன் விமானம் தாங்கிக் கப்பல். அணுகுண்டு சுமக்கும் கனமான விமானங்கள் அதிலிருந்து எழும்பலாம். விலை சுமார் 18.9 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

வெளியில் பார்த்தால் தொழில்நுட்ப விவாதம். உள்ளே, அணுகுண்டு யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அடுத்த இருபது வருடம் பட்ஜெட் வரும் என்ற கணக்கு. இரு தரப்புக்கும் இது நன்றாகத் தெரியும்.

ஐந்தே நாளில் கப்பலை ரத்து செய்தது உண்மையா?

உண்மை. 1949 ஏப்ரல் 18 அன்று வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் அதன் அடித்தண்டை அமைக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 23 அன்று புதிய பாதுகாப்பு அமைச்சர் லூயிஸ் ஜான்சன் ரத்து உத்தரவு போட்டார். கடற்படைச் செயலாளர் ஜான் சல்லிவன் அப்போது டெக்சாஸில் இருந்தார். அவரிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. அவர் ராஜினாமா செய்தார். அவருடைய இடத்துக்கு வந்த ஃபிரான்சிஸ் மேத்யூஸ், ஒமாஹாவைச் சேர்ந்த வழக்கறிஞர். கடல் அனுபவம் அறவே கிடையாது.

தளபதிகளில் இருவர் கப்பலுக்கு எதிராக இருந்தார்கள், டென்ஃபெல்ட் ஒருவர்தான் ஆதரவு. ரத்து செய்ய ஜான்சனுக்கு அதிகாரமும் இருந்தது. சரி, ஆனால் ஒரு படையின் எதிர்காலத் திட்டத்தையே அதன் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தினால், மறுநாள் காலையில் அந்தப் படை யாரை நம்பும்?

பெயர் போடாத கடிதம் பற்றிச் சொல்கிறார்களே?

பி-36 வாங்கியதில் ஊழல் நடந்தது, ஜான்சன் முன்பு கன்வேர் இயக்குநர் குழுவில் இருந்தவர் என்றெல்லாம் சொல்லும் பெயரில்லாத ஆவணம் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கைக்கு வந்தது. ஆகஸ்ட் விசாரணையில் அது உடைந்தது. எழுதியவர் கடற்படைத் துணைச் செயலாளரின் அலுவலகத்தில் இருந்த செட்ரிக் வொர்த் என்ற சிவிலியன் அதிகாரி. அவரே குழு முன் ஒப்புக்கொண்டார். ஜான்சன் கன்வேரில் இருந்தது உண்மை. ஊழலுக்குக் குழு எந்த ஆதாரமும் காணவில்லை. அது கடற்படைக்குப் பெரிய அவமானம். நியாயமான வாதம் கையில் இருந்தும் பொய்க்குற்றச்சாட்டை முன்னால் அனுப்பியதால், அக்டோபரில் அவர்கள் பேசியபோது பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கடற்படை சொன்னது சரியா, விமானப்படை சொன்னது சரியா?

கடற்படையின் முக்கியமான வாதம்: எல்லாப் பணத்தையும் ஒரே ஆயுதத்தில், ஒரே மாதிரியான போருக்காகப் போடாதீர்கள். பெரிய குண்டுவீச்சு விமானம் ஜெட் விமானங்களுக்கு எளிதான இலக்கு. தவிர எல்லாப் போரும் அணுகுண்டுப் போராக இருக்காது. இதைக் காலம் உறுதி செய்தது. 1951 அக்டோபரில் கொரியாவில் மிக்-15 ஜெட்டுகளிடம் பலத்த இழப்பு கண்டபின் பி-29 குண்டுவீச்சு விமானங்களைப் பகலில் அனுப்புவதையே நிறுத்தி இரவுக்கு மாற்றினார்கள்.

அதே சமயம் கடற்படை இன்னொன்றையும் சொன்னது. நகரங்கள் மேல் அணுகுண்டு போடுவது அறத்துக்கு விரோதம் என்று ரியர் அட்மிரல் ரால்ஃப் ஆஃப்ஸ்டி சாட்சியம் அளித்தார். நல்ல வார்த்தை. ஆனால் அணுகுண்டு சுமக்கும் விமானங்களுக்காக ஒரு கப்பல் கேட்டுக்கொண்டிருந்த படையின் வாயிலிருந்து வந்ததால் அதற்கு எடை இல்லாமல் போனது.

கூட்டுத் தளபதிகள் குழுவின் தலைவர் ஒமார் பிராட்லி அட்மிரல்களை ‘ஃபேன்ஸி டான்’கள் என்றார். தன் இஷ்டப்படி ஆட்டம் நடந்தால்தான் முழு மூச்சாக ஆடுவேன் என்று அடம் பிடிக்கும் ஆட்டக்காரர்கள் என்ற பொருளில். நார்மண்டியில் படை நடத்திய மனிதர் அவர், அவர் சொல்லுக்கு மரியாதை இருந்தது. அதே விசாரணையில், பெரிய அளவில் கடல்வழித் தரையிறக்கம் இனி நடக்காது என்றும் சொன்னார். ஒரு வருடம் முடிவதற்குள் கொரியாவில் இஞ்சோன் தரையிறக்கம் நடந்தது.

1948-49 பொருளாதாரத் தேக்கத்துக்கு ராணுவ வெட்டுதான் காரணமா?

இல்லை. 1948 நவம்பரில் தொடங்கி 1949 அக்டோபர் வரை தேக்கம் இருந்தது. கடைசி மாதத்தில் வேலையின்மை 7.9 சதவீதம் தொட்டது. ஆனால் அந்த நிதியாண்டில் ராணுவச் செலவு ஏறியிருந்தது, 910 கோடியிலிருந்து சுமார் 1,320 கோடிக்கு. போருக்குப் பிந்தைய வாங்கும் வேகம் தணிந்ததும், கடைகளிலும் கிடங்குகளிலும் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தன. தேக்கத்தின் பெரும்பகுதி அதுதான்.

உறவு எதிர்த்திசையில் இருந்தது. தேக்கம் வந்ததால் வரி வருமானம் விழுந்தது, ‘மிச்சம்’ சுருங்கியது, ராணுவத்தின் கழுத்தை இன்னும் இறுக்கினார்கள். 1949 ஆகஸ்டில், வேலையில்லாதவர்கள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில், சிவிலியன் ஊழியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக ஜான்சன் அறிவித்தார். 1946இல் வெளியே வந்தவர்களுக்குக் கல்லூரிப் படிப்பும் வீட்டுக் கடனும் காத்திருந்தன. 1949இல் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வெட்டு என்ற பெயர் ஒன்றுதான், இரண்டும் வேறு வேறு காரியம்.

கொரியாவில் அடி வாங்கியது இந்த வெட்டாலா?

பெரிய பங்கு உண்டு. 1950 ஜூன் 25 அன்று வட கொரியா தாக்கியபோது அமெரிக்கத் தரைப்படையில் பத்து டிவிஷன்கள். ஒன்றைத் தவிர எதிலும் முழு ஆள்பலம் இல்லை. ரெஜிமெண்டுக்கு மூன்று பட்டாலியன் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் இரண்டு.

ஜூலை 5 அன்று ஓசான் நகருக்கு வடக்கே நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட சுமார் 540 பேர், லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஸ்மித் தலைமையில், மழையில் மேட்டில் குழி வெட்டிக் காத்திருந்தார்கள். சாலையில் முப்பதுக்கும் மேற்பட்ட டி-34 டாங்கிகள் வந்தன. இவர்கள் கையில் இருந்தது 2.36 அங்குல பசூக்கா, தோளில் வைத்து ராக்கெட் சுடும் குழாய். டாங்கி கவசத்தைத் துளைக்காது என்று உலகப் போரிலேயே தெரிந்த ஆயுதம். ஒரு இளம் அதிகாரி பள்ளத்தில் இறங்கி, சில அடி தூரத்திலிருந்து டாங்கிகளின் பின்பக்கத்தைக் குறிவைத்து 22 ராக்கெட் சுட்டார். டாங்கிகள் போய்க்கொண்டே இருந்தன. கவசத்தைத் துளைக்கக்கூடிய பீரங்கிக் குண்டுகள் மொத்தமே ஆறு. அன்று சுமார் 150 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பையன்கள். கப்பலா விமானமா என்று வாஷிங்டனில் இரு படைகள் மோதிக்கொண்டபோது, இந்தப் பையன்களின் பசூக்காவுக்காக அங்கே யாரும் குரல் எழுப்பவில்லை. எனக்கு இந்தக் கதையில் ஆறாத கோபம் இதுதான்.

அப்படியானால் வெட்டியதே தவறா?

1945இன் செலவை வைத்துக்கொண்டு எந்த நாடும் வாழ முடியாது. வெட்டியது சரி. பொறுப்புகளைக் குறைக்காமல் பணத்தை மட்டும் குறைத்தது தவறு. சம பங்கு போட்டது தவறு. இருந்த பணத்தில் பெரும் பங்கைக் கண்ணைக் கவரும் பெரிய ஆயுதங்களுக்கு ஒதுக்கி, பயிற்சி, குண்டு, உதிரிபாகம், ஆள்பலம் ஆகியவற்றில் கைவைத்தது பெரும் தவறு. பட்ஜெட் இறுகும்போது படைகள் முதலில் விட்டுக்கொடுப்பது இவற்றைத்தான், ஏனென்றால் இவற்றுக்காகப் பேச எந்தத் தொழிற்சாலை முதலாளியும் எந்தத் தொகுதி உறுப்பினரும் வருவதில்லை.

பழி முழுவதும் ஜான்சன் மேலா?

அவர் முரட்டுத்தனமாக நடந்தார், மனிதர்களை மதிக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு ட்ரூமனுடையது. போர் தொடங்கி மூன்று மாதத்துக்குள், 1950 செப்டம்பரில், ஜான்சனை ராஜினாமா செய்யச் சொன்ன ட்ரூமன், ஜார்ஜ் மார்ஷலை அங்கே வைத்தார். கொள்கை வகுத்தவர் இருக்க, நிறைவேற்றியவர் மட்டும் போனார்.

கொரியப் போரால் பணம் கொட்டிய பிறகு போட்டி நின்றதா?

நிற்கவில்லை, கொஞ்ச நாள் அமுங்கியது. 1953 நிதியாண்டில் ராணுவச் செலவு சுமார் 5,280 கோடி; எல்லோருக்கும் கிடைத்தது. 1950 ஏப்ரலில் தயாரான என்எஸ்சி-68 என்ற ரகசிய அறிக்கை பெரும் படைப்பெருக்கம் வேண்டும் என்றது. பொருளாதார ஆலோசகர் குழுவில் லியோன் கீசர்லிங் அதை நாடு தாங்கும் என்றார். தாங்கியது உண்மைதான், ஆனால் இலவசமாக இல்லை. வரியை ஏற்றினார்கள், 1951இல் விலைகள் 8 சதவீதம் அளவுக்கு ஏறின, விலைக்கும் சம்பளத்துக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். கொரியப் போர் முடிந்து செலவு இறங்கியபோது 1953-54இல் வந்த தேக்கத்துக்கு அந்த இறக்கமே முக்கியக் காரணம். 1949ஐப் பற்றித் தவறாகச் சொல்லப்படுவது 1953க்குப் பொருந்தும்.

அடுத்த ஜனாதிபதி ஐசன்ஹோவர் மறுபடி பட்ஜெட்டை இறுக்கியதும் சண்டையும் திரும்பியது. இந்த முறை ஏவுகணைகள். தரைப்படை ஜூபிட்டரையும் விமானப்படை தோரையும் ஒரே தூரத்துக்குத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தன. 1956இல் தரைப்படையின் ஏவுகணைகளுக்கு 200 மைல் என்று எல்லை போட்டார்கள்.

அந்தக் கப்பல், விமானம், அட்மிரல்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?

டென்ஃபெல்டை 1949 அக்டோபரிலேயே பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது பழிவாங்கல் என்று வின்சன் குழு 1950 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. கப்பலை ரத்து செய்ய ஜான்சனுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. கடற்படையின் வாதங்களைத் தயாரித்த ஆர்லி பர்க்கின் பெயரைப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். ட்ரூமன் திரும்பச் சேர்த்தார். பர்க் 1955இல் கடற்படைத் தளபதியாகி ஆறு வருடம் இருந்தார். நீர்மூழ்கியிலிருந்து பாயும் போலாரிஸ் ஏவுகணையை அவர் காலத்தில்தான் கொண்டுவந்தார்கள். பி-36 எந்தப் போரிலும் ஒரு குண்டும் போடாமல் 1959இல் ஓய்வு பெற்றது. ரத்தான கப்பலுக்கு ஈடான பெரிய விமானம் தாங்கிக் கப்பலுக்கு 1951இல் ஆர்டர் கொடுத்தார்கள். 1955 அக்டோபர் 1 அன்று அது படையில் சேர்ந்தது, பெயர் ‘ஃபாரஸ்டல்’. செலவைக் குறைக்க 1950 ஜூன் 1 அன்று மூடப்பட்ட லாங் பீச் கடற்படைக் கப்பல் தளத்தை அடுத்த ஜனவரியிலேயே திறக்க வேண்டியிருந்தது.